சல்லடைக்கு வந்த சிமிழ்

அவளே எடுத்திருக்கட்டும். எடுத்தவள் அவளாகவே இருந்துவிடட்டும்.

ரிக்‌ஷா மந்தைவெளியைத் தாண்டியபோதுதான், இத்தனை நேரமும் இப்படி வேண்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது தேவானைக்கு உறைத்தது. ஓர் ஏழைப் பெண் திருடியாக இருக்க வேண்டும் என்று, காலை பத்து மணி வெயிலில், மனமார ஒரு வேண்டுதல். அதுவும் தன் பெயர் கெடாமல் இருப்பதற்காக. அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். யாரோ பார்த்துவிட்டது போலிருந்தது.

பார்த்துக்கொண்டுதான் இருந்தான் சேட்டு. ரிக்‌ஷாவின் பக்கவாட்டைப் பிடித்தபடி சைக்கிளில் கூடவே வந்துகொண்டிருந்தான். அவளிடம் உதவியாளாகச் சேர்வதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட் வாங்காதவன் முகம் எப்படி இருக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம்.

"இன்னாக்கா, செக்கிங் ஏறின பஸ்ஸு மாரி கீது உன் மூஞ்சி?"

"ரோட்டைப் பார்த்து மிதி" என்றாள் தேவானை.

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய முன்னறையில் அவள் துப்பறியும் அலுவலகம் வைத்து ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு வக்கீலம்மாளிடம் குமாஸ்தாவாக இருந்தாள். பெண் துப்பறிவாளர் என்று முதலில் சிரித்த ஊர், பிறகு வீட்டுக்குள் நடக்கும் விஷயங்களுக்கு அவள்தான் சரி என்று சொல்லத் தொடங்கியிருந்தது. ஆண்கள் நுழையாத அறைகளிலும் அவள் நுழைவாள் என்பதுதான் காரணம். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால்வரை உண்டு.

ராஜா அண்ணாமலைபுரத்தில் சிதம்பரநாதன் வீடு. தெற்கேயிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்துப் பெரிய ஆளானவர். அவர் மனைவி சரோஜாதேவிக்கு மூக்கில் சின்னக் கட்டி வந்தது. வைர மூக்குத்தியைக் கழற்றி, குங்குமம் வைக்கும் வெள்ளிச் சிமிழில் போட்டு, மாடிக் குளியலறை மாடத்தில் வைத்ததாகச் சொன்னாள். மத்தியானம் தூங்கி எழுந்து பார்த்தால் சிமிழைக் காணோம். அந்த நேரம் வீட்டில் இருந்த வேறொரு ஆள் புஷ்பம் மட்டும்தான். ஆறு வருஷமாகப் பாத்திரம் தேய்த்து, வீடு துடைப்பவள். அன்றைக்கு மாடிக் குளியலறைப் பக்கமே போகவில்லை என்று புஷ்பம் சத்தியம் செய்தாள்.

தேவானை மாடிக்குப் போய்ப் பார்த்தாள். தரையில் பினாயில் வாசனை. மூலையிலிருந்த பித்தளைக் குடம் புளிபோட்டுத் தேய்த்துப் பளபளவென்றிருந்தது. சரோஜாதேவி குடம் தேய்க்கிறவள் இல்லை. தேவானை இறங்கி வந்தாள். கூடம் நிறைய ஆட்கள், இன்ஸ்பெக்டர் உட்பட. அவர்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "மனுஷங்க பொய் சொல்லலாம். தேய்ச்ச குடம் பொய் சொல்லாது, புஷ்பம்."

அந்த வாக்கியம் மாடிப்படியிலேயே அவளுக்குத் தோன்றிவிட்டது. இறங்கும்போது நாக்கில் வைத்து ருசித்துக்கொண்டேதான் இறங்கினாள். புஷ்பம் இரண்டு நாள் லாக்கப்பில் இருந்தாள். சிமிழ் கிடைக்கவில்லை. வெளியே வந்தவளுக்கு எந்த வீட்டிலும் வேலையில்லை. எங்கே எது தொலைந்தாலும் முதலில் அவள் குடிசைக்குத்தான் ஆள் வந்தது. அடையாறு ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே மனை கொடுக்கப்போகிறார்கள் என்றும், கேஸ் இருப்பவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள் என்றும் பேட்டையில் பேச்சு. சனிக்கிழமையோடு பட்டியல் முடிகிறது. இன்று வியாழன்.

நேற்று மாலை சரோஜாதேவி போனில் சொன்னாள். சிமிழ் கிடைத்துவிட்டதாம். கிடைத்த இடம் வேறெங்கும் இல்லை, கால்வாய் ஓரத்துக் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன். மூக்குத்தி உள்ளேயே இருக்கிறதாம். நாலு மணிக்கு வந்து ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்றாள். இன்ஸ்பெக்டர் கேட்கிறாராம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இடத்தைப் பார்த்துவிடுவது தேவானையின் வழக்கம். இந்தத் தடவை வழக்கத்துக்காகப் போகவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

ஸ்டேஷன் என்றால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கட்டடம், பக்கத்தில் வாய் அகன்ற ஆழமான கிணறு. மயிலாப்பூரிலிருந்தும் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்தும் பூமிக்கடியில் குழாய்களில் வருவதெல்லாம் அந்தக் கிணற்றில் விழுகிறது. விழுமுன் ஓர் இரும்புக் கம்பிச் சல்லடை. துணி, தேங்காய்நார், விளையாட்டுச் சாமான் எல்லாம் அதில் தங்கிவிடும். மிச்சத்தை எஞ்சின் உறிஞ்சி, ஊருக்கு வெளியே இருக்கும் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குத் தள்ளிவிடும். சல்லடையில் தங்கியதை நீளமான வாரியால் இழுத்து மேலே போடுவது ரகுபதியின் வேலை. ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை துவைத்து, மடித்து, சுத்தமாக இருந்தது.

நாற்றம் முகத்தில் அறைந்தது. தேவானையின் கை தானாகவே சந்தன எண்ணெய் தடவிய கைக்குட்டையை எடுத்துவிட்டது. ரகுபதி அதைப் பார்த்தார். பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலுக்காக அவள் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள். ஆழ்ந்து மூச்சை இழுத்தாள். கண்ணில் நீர் வந்தது.

"பன்னீர் தெளிக்க ஆள் வெக்கலியாண்ணா?" என்றான் சேட்டு.

"வெச்சாங்க நைனா. அவனும் வாசனை தாங்காம ஓடிப்பூட்டான்."

சிமிழைப் பற்றிக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை காலை வாரியில் வந்தது, மூடி திருகியது, உள்ளே காற்று இருந்ததால் மிதந்திருக்கும், திறந்து பார்த்தேன், பெரிய வீட்டுச் சாமான் என்று தெரிந்தது, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்று ரகுபதி ஒப்பித்தார். பள்ளிக்கூடப் பையன் பத்தியை ஒப்பிப்பதுபோல, நிற்காமல்.

"மூணு வாரம் எங்க தங்கினு இருந்துச்சாம்? லாட்ஜிலயா?" என்றான் சேட்டு.

குழாய் வளைகிற முழங்கையில் சிக்கியிருக்கும், போன வாரத்து மழை தள்ளிவிட்டிருக்கும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. தேவானை மனசுக்குள் அந்த வீட்டைக் கண்முன்னால் கொண்டுவந்தாள். குளிக்கிற தண்ணீர், சமையல்கட்டுத் தண்ணீர் எல்லாம் பின்பக்கத்து வாழைக்குப் போகிறது. கழிப்பறை ஒன்றிலிருந்துதான் தெருக்குழாய்க்கு இணைப்பு. அதற்குத் தனிக் கதவு. மாடத்திலிருந்து சிமிழ் தவறி விழுந்தால் குளியலறைத் தரையில் கிடக்கும், இல்லையென்றால் வாழைப்பாத்தியில் கிடக்கும். சல்லடைக்கு வர வேண்டும் என்றால் ஒரு கை அதைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் போட்டிருக்க வேண்டும்.

ஆகவே ஒரு கை. ஆகவே புஷ்பம். வேண்டுதல் பலித்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை.

"ஊட்ல இருக்கறவங்களுக்கு கக்கூஸ் சங்கிலிய இழுத்துட்டா அத்தோட முடிஞ்சிருதும்மா" என்றார் ரகுபதி, கிணற்றைப் பார்த்துக்கொண்டு. "எங்களுக்கு அப்பத்தான் ஆரம்பம்."

சங்கிலி. தேவானைக்கு ஏதோ இடறியது. அன்றைக்கு சரோஜாதேவி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: தூக்கம் கலைந்தபோது மாடியில் தொட்டி நிறைகிற சத்தம் கேட்டது என்று. தேவானை அதை நோட்டில் எழுதினாள். பிறகு, கழிப்பறை சமாச்சாரத்தைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு அடித்துவிட்டாள். நோட்டை எடுத்துப் பார்த்தாள். அடித்த கோடு அழுத்தமாக, அழகாக, ஒரு நாகரிகமான பெண்ணின் கோடாக இருந்தது.

சுவரோரம் ஒரு பலகை. சல்லடைக்கு வந்த சாமான்களைக் கழுவி ரகுபதி அதில் வரிசையாக வைத்திருந்தார். ஒரு பல்செட், பித்தளைப் பூட்டு, தலையில்லாத பொம்மை, சாவிகள். யாரும் தேடிக்கொண்டு வருவதில்லை என்றார். வந்தாலும் வாசலோடு போய்விடுவார்களாம். இங்கே வந்த சாமானைத் தங்களுடையது என்று சொல்ல வாய் வராதாம்.

"பல்லக் கூட உட்டுட்டாங்களா?" என்றான் சேட்டு. "அப்ப அந்த ஆளு சிரிக்கறதையே உட்டுட்டாரு போல."

ரகுபதி சிரிக்கவில்லை. பலகையின் ஓரத்திலிருந்து கரிக்கட்டைபோல் கறுத்த ஒரு சின்னச் சாமானை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். தன் மகள் செண்பகத்துக்கு வேலை கிடைத்திருப்பதாக, சம்பந்தமில்லாமல், மெல்லச் சொன்னார். தியாகராய நகரில் ஜவுளிக்கடையில், ஒன்றாம் தேதியிலிருந்து. சொல்லும்போது முகம் மலரவில்லை. காகிதப் பொட்டலத்தை தேவானையின் கையில் வைத்தார்.

"இத்த எடுத்துக்கினு போங்கம்மா. ஒரு தபா தேச்சுப் பாருங்க."

ஏன் என்று கேட்பதற்குள் வாரியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

"இரும்புச் சாமானப் போய் பரிசு குடுக்கறாரு" என்று பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான் சேட்டு. "மகளுக்கு வேல கிடச்சதுக்கு சர்க்கரை தீந்துபோச்சு போல."

ஆற்றோரத்துக்குப் போவோம் என்று அவள் சொன்னபோது சேட்டுவிடம் ஜோக் எதுவும் இல்லை. புஷ்பம் குடிசைக்கு நாலு குடிசை தள்ளித்தான் அவன் சித்தி வீடு. இந்த மூன்று வாரமாக அந்தப் பக்கம் அவன் போகவில்லை என்பது தேவானைக்குத் தெரியும். போனால் யாரோடு வேலை செய்கிறாய் என்று கேட்பார்கள்.

புஷ்பம் குடிசை வாசலில் குந்தி, சாம்பல் வைத்து அலுமினியப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேவானையைப் பார்த்ததும் எழுந்தாள். பழக்கம் எழுப்பியது; பிறகு, எழுந்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டவள்போல மறுபடி உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். வாங்க என்று சொல்லவில்லை.

தேவானை தரையில் அவளுக்கெதிரே குந்திக்கொண்டாள். கழிப்பறையில் சிமிழ் போடப்பட்டிருக்கிறது, சல்லடைக்கு வந்துவிட்டது என்று சொன்னாள். புஷ்பத்தின் கை நின்றுவிட்டது. முகத்தில் வந்தது பயம்போல இல்லை. அதைவிட மோசமான ஏதோ. தேவானை அந்த முகத்தை இன்று காலையிலிருந்து சுமந்துகொண்டிருந்ததால் உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"அன்னைக்கு நீ மாடிக் கழிப்பறைக்குப் போனே" என்றாள் தாழ்ந்த குரலில். "தொட்டி சத்தம் கேட்டிருக்கு. எதுக்குப் போனேன்னு நான் அன்னைக்கே தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்."

சேட்டு எழுந்து, பீடி வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தான். அவனுக்கு பீடிப் பழக்கம் இல்லை.

புஷ்பம் மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். பிறகு பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அந்த வீட்டில் வேலைக்காரர்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆறு வருஷம், விடிவதற்கு முன்னால் ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்தால் இருட்டுகிறவரை அடக்கிக்கொள்வது. அன்றைக்கு வயிறு கேட்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மாடிக்கு ஓடினாள். சங்கிலியை எப்படி இழுப்பது என்றுகூடத் தெரியாது. இழுத்ததும் வந்த சத்தத்தில் உயிரே போய்விட்டது. தான் தொட்டதெல்லாம் அசிங்கமாகிவிட்டது என்று தோன்றி, தரைக்குப் பினாயில் ஊற்றினாள். தண்ணீர் எடுத்த குளியலறைக் குடத்தைத் தேய்த்தாள்.

"திருடின்னு சொன்னீங்க. பொறுத்துக்கினேன். இத்த எப்டிம்மா சொல்லுவேன், அத்தினி ஆம்பளைங்க முன்னால?" அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "மனை போனா போவுது. இத்த மட்டும் ஆருகிட்டயும் சொல்லாதீங்க. அந்த அம்மாகிட்ட சொல்லவே சொல்லாதீங்க. எங்கண்ணு மேல சத்தியம் பண்ணுங்க."

தேவானை சத்தியம் செய்யவில்லை. சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். சத்தியம் என்ற வார்த்தையைச் சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று தோன்றியது.

சேட்டு வந்தான். வெறுங்கையோடு வந்ததற்குச் சாக்காக, சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, இந்த இரும்புத்துண்டு என்னவாக இருக்கும் என்று கேட்டான். புஷ்பத்துக்குக் கை சும்மா இருக்காது. பேச்சை மாற்ற ஏதோ கிடைத்த நிம்மதியில் அதை வாங்கி, சாம்பலும் புளியும் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு வழிந்தது. தண்ணீர் ஊற்றினாள். உள்ளங்கையில் நிலாத்துண்டு மாதிரி வெள்ளையாக ஒரு மூக்குக் கிண்ணம்.

"பாலாடை" என்றாள். "கொயந்தைக்குப் பால் ஊத்தறது. வெள்ளிம்மா இது. சுத்த வெள்ளி."

"சாக்கடைல கெடந்தா இப்டியா கறுத்துப்பூடும்?" என்றான் சேட்டு.

"வெள்ளி சும்மா வெச்சாலே கறுக்கும். அந்தக் காத்துக்கு மூணு நாளு போதும்."

தேவானை பாலாடையை வாங்கித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். ரிக்‌ஷாவில் ஏறும்போது யோசித்தாள். புஷ்பம் கழிப்பறைக்குப் போனது உண்மை. சிமிழ் கழிப்பறை வழியாக வந்தது என்கிறார்கள். இன்ஸ்பெக்டரிடம் இதைச் சொன்னால், அவள் சொன்ன காரணத்தை யார் நம்புவார்கள்? தானே நம்புகிறோமா? நம்புகிறோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் பாழாய்ப்போன மூளையின் ஒரு மூலை, இரண்டும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

சரியாக நாலு மணிக்கு சரோஜாதேவி அவளைக் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். சேட்டு வாழைப்பாத்தி ஓரம் நின்றுகொண்டான். சிதம்பரநாதன் கடையிலிருந்து வரவில்லை. மேஜைமேல் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. மேற்படி புஷ்பம் மூக்குத்தியைத் திருடி, அகப்பட்டுக்கொள்வோம் என்று அஞ்சிக் கழிப்பறையில் போட்டுவிட்டாள் என்பதே என் முடிவு. கீழே தேவானையின் பெயர், கோபாலபுரம் விலாசத்தோடு.

"நீங்க அன்னைக்குச் சொன்னது அச்சா நடந்திருச்சு பாத்தியளா" என்றாள் சரோஜாதேவி. "எங்க அவுக வியாபாரிங்க சங்கத்துல உங்களப் பத்திதான் பேசுதாக. இனிமே எல்லாக் கடைக்கும் நீங்கதானாம்."

சொன்னது சரி என்று ஊர் முழுக்கப் பேசும். ஒரு கையெழுத்து போதும். தேவானை பேனாவைத் திறந்தாள். பிறகு, சிமிழைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

சரோஜாதேவி பூஜையறையிலிருந்து அதைக் கொண்டுவந்து கடிதத்தின்மேல் வைத்தாள்.

எலுமிச்சங்காய் அளவு. மூடியில் செதுக்கிய தாமரை. ஜன்னல் வெளிச்சத்தில் அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. தேவானை அதை எடுத்து நகத்தால் தாமரையின் இதழிடுக்கைச் சுரண்டினாள். உலர்ந்த குங்குமம் பொடிப்பொடியாக விரலில் ஒட்டியது. தேய்த்துக் கழுவியிருந்தால் இந்தக் குங்குமம் இருக்காது. சாக்கடையில் கிடந்ததைத் தேய்க்காமலிருந்தால் இந்த வெள்ளை இருக்காது.

அவள் பையிலிருந்து பாலாடையை எடுத்துச் சிமிழின் பக்கத்தில் வைத்தாள். புஷ்பத்தின் கை எட்டாத அதன் மூக்குக்குள் கறுப்பு இன்னும் அப்பிக்கொண்டிருந்தது.

"இது சல்லடைக்கு வந்தது" என்றாள். "ரகுபதிதான் கொடுத்தார். சொல்ல வாய் வரல அவருக்கு. உங்க கடையில பொண்ணுக்குக் கொடுத்த வேலை போயிடும். அதனால இதைக் கொடுத்தார். அங்க போன வெள்ளி எப்படி இருக்கும்னு நான் தெரிஞ்சுக்கணும்னு."

சரோஜாதேவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். காபித் தம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"இந்தச் சிமிழ் வீட்டை விட்டே போகலை."

சரோஜாதேவி சிமிழின் மூடியைத் திருகித் திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். மகனுக்கு வைகாசியில் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்குப் போக, போன சனிக்கிழமை பீரோவிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தாள். மடிப்பிலிருந்து சிமிழ் உருண்டது. மாடத்தில் வைத்தால் ஈரம் படும் என்று அவளே அதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். வைத்ததை மறந்திருக்கிறாள். ஊரைக் கூட்டி, போலீசைக் கூட்டி, ஆறு வருஷம் பாத்திரம் தேய்த்த கையைத் திருட்டுக்கை என்று சொல்லியிருக்கிறாள். சம்பந்தி வீட்டில் அவர்களும் அனுதாபப்பட்டார்கள்; வேலைக்காரர்களே இப்படித்தான் என்றார்கள். இனி அவர்களிடம் என்னவென்று சொல்வது? அதனால்தான் ரகுபதியைப் பிடித்து, சல்லடைக்கு வந்ததாகச் சொல்லவைத்திருக்கிறாள்.

சொல்லி முடித்தபோது அவள் அழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் கட்டிக்கொண்டிருந்தாள். தேவானைக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"தேவானையம்மா, உங்களுக்கும் எனக்கும் ஒரே வெக்கந்தான். நான் சும்மா சந்தேகப்பட்டேன். அவதான்னு சொன்னது நீங்க. இதுல கையெழுத்துப் போட்டா ரெண்டு பேருக்கும் போயிரும். அவளுக்கு வேணும்னா நான் வேற எடத்துல வேல பாத்துக் குடுக்கேன். யாருக்கும் நஷ்டமில்ல."

"அவளுக்கு இருக்கு. கேஸ் இருந்தா சனிக்கிழமை மனைப் பட்டியல்ல அவ பேர் வராது" என்றாள் தேவானை.

கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதினாள். மூன்று வாரத்துக்கு முன் நான் கூறிய முடிவு தவறானது. காணாமல் போனதாகச் சொன்ன பொருள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. வீட்டிலேயே இருந்து கிடைத்தது. புஷ்பம் குற்றமற்றவர். அவர்மீது குற்றம் சொன்னது என் பிழை. எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. கடைசி வரியைக் கொஞ்சம் பெரிதாக எழுதி, கையெழுத்திட்டாள். நாளைக் காலையில் இன்ஸ்பெக்டர் மேஜையில் இருக்கும். சங்கத்து வியாபாரிகள் சிரிப்பார்கள். கோபாலபுரத்து முன்னறை வாசலில் ‘வாடகைக்கு’ என்று பலகை ஆடும். ஆடட்டும்.

சரோஜாதேவி அதைத் தலைகீழாகவே படித்தாள்.

"இத மட்டும் குடுத்தா ஒங்க வார்த்தைதான். எங்க அவுக மறுத்தா இழுபறி. சனிக்கிழமைக்குள்ள நடக்காது" என்றாள். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சரி. நானும் கையெழுத்துப் போடுதேன். பீரோவுல இருந்துச்சுன்னு எழுதியே குடுக்கேன். ஆனா ஒண்ணே ஒண்ணு நீங்க சொல்லணும். அவ அன்னைக்கு மாடிக்குப் போனது நெசம். குடம் தேச்சிருந்துச்சு. போகவே இல்லன்னு ஏன் சத்தியம் பண்ணா? அது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, மூஞ்சியிலேயே தெரியுது. சொல்லுங்க. அவகிட்டயும் ஒரு தப்பு இருந்துச்சுன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் மனசு ஆறும்."

தேவானை தான் எழுதிய கடிதத்தைப் பார்த்தாள். ஒரு வாக்கியம்தான். பெண்ணிடம் பெண் சொல்வது. சொன்னால் இன்றைக்கே இரண்டு கையெழுத்து. சனிக்கிழமை பட்டியலில் ஒரு பெயர். புஷ்பத்துக்கு நல்லதுதானே என்று மூளையின் அந்த மூலை மறுபடி அழகாகக் கணக்குப் போட்டது. இதே மூளைதான் மாடிப்படியில் குடத்தைப் பற்றி வாக்கியம் செய்தது.

மாடியில் யாரோ சங்கிலியை இழுத்தார்கள். தண்ணீர் இரைந்து இறங்கியது. குழாய் சுவருக்குள் முனகி அடங்க, தொட்டி மெல்ல நிறையத் தொடங்கியது.

சரோஜாதேவி தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தாள். அப்படியே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ எண்ணிக் கூட்டுகிறவள்போல உதடு அசைந்தது. பிறகு தேவானையைப் பார்த்தாள்.

"அதுக்கா போனா?" என்றாள். "சும்மா ஆமான்னு மட்டும் சொல்லுங்க."

தேவானை பாலாடையையும் கடிதத்தையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தபடியே சரோஜாதேவியின் பக்கம் நகர்த்தி வைத்தாள், எழுதிக் கொடுப்பதானால் அவளே எடுத்து எழுதட்டும் என்று.

"அதை நான் சொல்ல மாட்டேங்க" என்றாள்.